பழைய பிரெஞ்சுத் தீப்பீங்கான்: கவிழ்த்துப் பார்ப்பது முதல் அடுப்பேற்றுவது வரை

வாங்கி வந்த பாத்திரங்களையெல்லாம் முதல் வேலையாக மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். பழைய பிரெஞ்சுத் தீப்பீங்கானை, அதாவது சூட்டில் வைத்துச் சமைக்கச் செய்த பீங்கானைச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் முத்திரையைத்தான் தேடுகிறார்கள். முத்திரை எந்த ஆலை என்று சொல்லும். நூறு வருடம் புழங்கிய அந்தத் தட்டு இன்றைக்கு ஓவன் சூட்டைத் தாங்குமா என்பதற்கு அதில் பதில் கிடையாது. அந்தப் பதில் அடிவளையத்திலும், காதுகள் ஒட்டிய இடத்திலும், தட்டினால் வரும் ஓசையிலும்தான் இருக்கிறது.

பிரான்சின் ப்ரோகாந்த் எனும் பழம்பொருள் கடைகளிலும், ஊர்தோறும் தெருவில் பரப்பி விற்கும் வித்-க்ரெனியே சந்தைகளிலும் கலந்துகட்டிய பெட்டிகள்தான் அதிகம் கிடைக்கும். இரண்டு காது வைத்த ஆழமில்லாத முட்டைத் தட்டு, நேர்ச்சுவர் கொண்ட சூஃப்லே கிண்ணம், மேலே பொன்னிறமாகச் சுட்டெடுக்கும் உணவுக்கான நீள்வட்ட கிராத்தன் தட்டு, சிங்கமுகம் பதித்த சூப் கிண்ணம், மூடியின் மேல் முயலோ வாத்தோ உட்கார்ந்திருக்கும் தெரீன் எனும் ஆழமான மூடிப் பாத்திரம், கைப்பிடி வைத்த சிறு காஸ்ரோல் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். வேலை முடியும்போது இவை மூன்று குவியலாகப் பிரிந்திருக்க வேண்டும்: ஓவனுக்குப் போவது, மேசையில் பரிமாற மட்டும் ஆவது, அலமாரியில் பார்க்க மட்டும் வைப்பது. சந்தேகம் வந்தால் ஒரு படி கீழே இறக்குங்கள். மேலே ஏற்றாதீர்கள்.

அடியைப் படிப்பது

தீப்பீங்கான் என்பது கடினப் பீங்கான். கயோலின் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றும் சேர்ந்த மாவு. 1768இல் லிமோஜுக்குத் தெற்கே சேந்திரியேவில் வெள்ளைக் கயோலின் கண்டெடுக்கப்பட்ட பிறகுதான் பிரான்சில் இது பெருந்தொழிலானது. முதலில் சுமார் 900 முதல் 1000 டிகிரி செல்சியஸில் ஒரு சூடு, பிறகு கிளேஸ் எனும் கண்ணாடிபோன்ற மேற்பூச்சைப் பூசி 1400 டிகிரியை ஒட்டி இன்னொரு சூடு. அந்த இரண்டாம் சூட்டில் உடலே இளகும் நிலைக்கு வருகிறது. கிளேஸ் எதன்மேல் பட்டாலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் தரையில் நிற்கும் வளையத்தில் மட்டும் கிளேஸைத் துடைத்துவிட்டுத்தான் சூளையில் வைத்தார்கள். அந்தப் பூசாத வளையத்தைத் தேடுங்கள். அது வெள்ளையாகவோ லேசான சாம்பல் வெள்ளையாகவோ, விரலில் வழவழப்பாக இருக்கும். மண் நிறமோ, விரலை இழுக்கும் வறட்சியோ இருக்கக் கூடாது.

பெட்டியில் இதோடு கலந்து வருவது மெல்லிய ஃபையான்ஸ், தேர் தெ ஃபேர் எனும் நீர் குடிக்கும் மண்பாண்ட வகைகள். கியன், சார்கெமீன், லூனெவில் ஆலைகளின் தட்டுகள் அழகானவை, ஆனால் மேசைக்கானவை. அவற்றுக்குக் குறைந்த சூட்டில் கிளேஸ் ஏற்றியதால் அடிவரை முழுக்கப் பூசி, முள்போன்ற தாங்கிகள்மேல் நிறுத்த முடிந்தது. அடியில் மூன்று சிறு வடுக்கள் முக்கோணமாகத் தெரிந்தால் அது தீப்பீங்கான் இல்லை. கிளேஸில் வலைபோல் நுண்வெடிப்பு ஓடி, அதன் கீழே பழுப்புக் கறை பரவியிருந்தாலும் அதே முடிவுதான்.

கண் முடிவு செய்யாவிட்டால் தண்ணீர் முடிவு செய்யும். பாத்திரத்தை ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, உள்ளேயே ஆறவிட்டு, கிராம் தராசில் எடை போடுங்கள். 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்கவிட்டு, ஈரத்துணியால் மேல்நீரை ஒற்றி எடுத்து மறுபடி எடை பாருங்கள். நன்றாகச் சூடேறிய கடினப் பீங்கான் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் குடிக்காது. 600 கிராம் தட்டுக்கு 3 கிராமுக்குள் வர வேண்டும். ஃபையான்ஸ் என்றால் அதே எடைக்கு 50, 60 கிராம்கூட ஏறும். நடுவில் ஏதாவது எண் வந்தால் விரிசலுக்குள் நீர் போயிருக்கிறது என்று வைத்துக்கொண்டு அடுத்த சோதனைகளைக் கவனமாகச் செய்யுங்கள்.

டார்ச் அடித்து ஒளி ஊடுருவுகிறதா என்று பார்ப்பதை நம்பி எதையும் ஒதுக்க வேண்டாம். மெல்லிய தேநீர்க் கோப்பைக்குச் சரி. 6 மில்லிமீட்டர் தடிமனான காஸ்ரோலில் நல்ல பீங்கானும் ஒளியைக் காட்டாமல் போகலாம்.

முத்திரைகள், சுருக்கமாக

நடு பிரான்சின் பெர்ரி வட்டாரத்தில் ஃபோயெசியும் மெயுன்-சுர்-யெவ்ரும் இந்தத் தொழிலின் ஊர்கள். பிலிவுயி அங்கிருந்து வருவது. 1818ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் ஆலை, இன்றும் இயங்குகிறது. ஆப்பில்கோ என்ற முத்திரைப் பெயரும் பிலிவுயி குடும்பப் பெயரிலிருந்தே வந்தது. ஃபோயெசியின் லூரியு இன்னொன்று. லிமோஜில் ஃப்ருஜியே தயாரித்த அலுமினித், தீப்பீங்கானுக்கென்றே வைத்த வணிகப் பெயர். நார்மண்டியின் பாயு ஆலை 1812 முதல் 1951 வரை நடந்தது. ஆய்வுக்கூட மூசைகளும் கிண்ணங்களும் செய்து பேர் வாங்கிய இடம் அது. அதே மாவின் உறுதி அவர்களுடைய சமையல் பாத்திரங்களிலும் உண்டு. பாயு முத்திரையோடு சமையல் பாத்திரம் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.

கிளேஸுக்குக் கீழே பச்சையில் இருக்கும் முத்திரைதான் ஆலையின் முத்திரை. 1400 டிகிரியில் அழியாமல் நிற்கும் வெகுசில நிறங்களில் குரோமியப் பச்சை ஒன்று. கிளேஸுக்கு மேலே சிவப்பிலோ தங்கத்திலோ இருப்பது பெரும்பாலும் வண்ணம் தீட்டிய பட்டறையோ விற்ற கடையோ வைத்தது. பிரான்ஸ் என்ற நாட்டுப் பெயரும் சேர்ந்திருந்தால் 1891க்குப் பிந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கச் சுங்கச் சட்டம் கேட்கத் தொடங்கியது அப்போதுதான். லிமோஜ் என்ற ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் அது சூட்டுக்கான உறுதி ஆகாது. லிமோஜிலிருந்து வந்தவற்றில் பெரும்பகுதி மேசைப் பாத்திரமே. அடியில் அழுத்திய தனி எண் அநேகமாக அளவு எண். அதை ஆண்டு என்று விற்பவர்கள் உண்டு.

விரிசல் தேடுதல்

இங்கே அவசரப்பட்டால் மற்ற எல்லா உழைப்பும் வீண். விரிசல் பெரும்பாலும் நான்கு இடங்களில் தொடங்கும்: காது உடலோடு சேரும் மூலை, அடிவளையத்தின் உட்புற மூலை, தட்டின் நடுவே நட்சத்திரமாக, விளிம்பிலிருந்து கீழ்நோக்கிப் பிறையாக. முதல் இரண்டும் தடிமன் சட்டென்று மாறும் இடங்கள், அதனால் சூடும் அங்கே சீராகப் பரவுவதில்லை. நடு நட்சத்திரம் நேரடி நெருப்பின் அடையாளம். பிறை, இடிபட்டதன் அடையாளம்.

ஓசை முதலில். தட்டை மூன்று விரல் நுனியில் ஏந்தி, மரக்கரண்டியால் விளிம்பில் தட்டுங்கள். மணியோசை நீண்டு அடங்கினால் நல்லது. சட்டென்று அறுந்தாலோ, கூடவே ஒரு அதிர்வுச் சத்தம் வந்தாலோ விரிசல் உண்டு. மூடியைக் குமிழைப் பிடித்துத் தொங்கவிட்டுத் தட்டுங்கள். தடித்த தெரீன் இயல்பாகவே குறைவாகத்தான் ஒலிக்கும். அதை அதே வகை இன்னொன்றோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

அடுத்தது ஸ்பிரிட். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து ஒரு பகுதியை முழுக்கத் துடைத்துவிட்டு, சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். மேற்பரப்பு சில நொடிகளில் உலர்ந்துவிடும். விரிசல் மட்டும் ஈரக்கோடாகக் கொஞ்ச நேரம் நிற்கும். கோடு தெரிந்த உடனே பென்சிலால் இரு முனைகளையும் குறித்துவிடுங்கள். அடுத்த நொடி அது மறைந்துவிடும்.

கடைசியில் கறுப்புக் காப்பி. பால், சர்க்கரை இல்லாத திக்கான டிகாக்ஷனைத் தூரிகையால் தடவி, பத்து நிமிடம் கழித்துத் துடைத்தால் விரிசல் பழுப்பாக நிற்கும். ஆனால் பழைய விரிசலில் கொழுப்பு அடைத்திருக்கும். அடைத்த இடத்தில் காப்பி இறங்காது. சுத்தம் செய்வதற்கு முன் ஒருமுறை, செய்த பின் ஒருமுறை என இரண்டு தடவை பார்ப்பது அதற்காகத்தான். முதல்முறை தேறிய தட்டு இரண்டாம்முறை விழுவது சாதாரணம்.

எல்லாக் கோடும் விரிசல் அல்ல. சூளையிலேயே உடல் பிளந்து, அதற்குள் கிளேஸ் ஓடி நிரம்பியிருக்கும் கோடுகள் உண்டு. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் ஓரங்கள் உருண்டு, கிளேஸ் உள்ளே சரிந்து இறங்குவது தெரியும். பின்னால் வந்த விரிசலின் ஓரம் கூர்மையாக இருக்கும்; நகம் மாட்டும். உருண்ட ஓரக் கோடு, ஓசையும் நன்றாக இருந்தால், ஓவனுக்குத் தடையில்லை. கரும்புள்ளி, ஊசித்துளை, அடிவளையத்தில் ஒட்டிய சூளை மணல் எல்லாம் பிறவிக் குறிகள். அவற்றைக் குறையாகச் சொல்லி விலை குறைத்துக் கேட்கலாம், பாத்திரத்தை ஒதுக்க வேண்டாம்.

விளிம்பை மறைத்துப் பழுதுபார்த்திருக்கிறார்களா என்றறிய இருட்டறையில் புறஊதா டார்ச் அடியுங்கள். பிற்காலப் பூச்சு, சுற்றியுள்ள பீங்கானிலிருந்து வேறு நிறத்தில் திட்டாக ஒளிரும். குமிழ் ஒட்டப்பட்டதா என்ற ஐயத்துக்கு அசிட்டோன் நனைத்த பஞ்சே போதும். பசையோ பூச்சோ இருந்தால் பிசுபிசுக்கும்.

கறை எடுத்தல்

காதுகளைச் சுற்றிப் படிந்த மஞ்சள்பழுப்பு, எண்ணெய் வெந்து வார்னிஷாக இறுகியது. லிட்டருக்கு 50 கிராம் சலவைச் சோடா கரைத்த நீரில் குளிர்ந்த நிலையிலேயே பாத்திரத்தை இறக்கி, மெதுவாக 60 டிகிரிக்குக் கொண்டுபோய், அடுப்பை அணைத்து இரவு முழுக்க விடுங்கள். ஸ்டீல் பாத்திரம் சரி, அலுமினியம் வேண்டாம்; சோடா அதைத் தின்னும். காலையில் மரச்சட்டுவத்தால் சுரண்டினால் தோலாக உரியும். உரியாத இடத்துக்கு மறுபடி ஊறல், அவ்வளவுதான். கத்தியால் சுரண்டினால் சாம்பல் நிறக் கீறல்கள் விழும்.

அந்தச் சாம்பல் கீறல்கள் உண்மையில் கீறல்களே அல்ல. கிளேஸ் கத்தி எஃகைவிடக் கடினமானது. எஃகுதான் தேய்ந்து அதன்மேல் ஒட்டுகிறது. ஆக்சாலிக் அமிலம் கலந்த பாத்திரப் பொடியை ஈரத்துணியில் தொட்டு ஒரு நிமிடம் தேய்த்தால் போய்விடும். கையுறை கட்டாயம், பிறகு ஓடும் நீரில் நன்றாக அலச வேண்டும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கலந்த துரு நீக்கிகளைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். அது கிளேஸையே அரிக்கும், கைக்கும் பேராபத்து.

விரிசலில் இறங்கிய கறைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. பஞ்சை நனைத்து விரிசல்மேல் படியவைத்து, பிளாஸ்டிக் உறையால் மூடி, ஒரு நாளோ இரண்டு நாளோ காயாமல் நனைத்துக்கொண்டே இருங்கள். சாதாரண குளோரின் ப்ளீச் வெளுக்கும், ஆனால் விரிசலுக்குள் உப்பை விட்டுவிட்டுப் போகும். உலரும்போது அந்த உப்பு படிகமாகி விரிசலை நெம்பும். விரிசல் உள்ளதைச் சோடாவில் ஊறவைத்தாலும் இதே பிரச்சினை வரும். ஊறவைத்துவிட்டால், நல்ல தண்ணீரில் நாலைந்து முறை நீர் மாற்றி அலசி உப்பை வெளியேற்றுங்கள்.

சுத்தமான பாத்திரத்தை வெறுமனே 100 டிகிரி ஓவனில் அரை மணி நேரம் வைத்து, கதவைத் திறந்து முகருங்கள். ஊசிய நெய் வாடை வந்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசலிலோ நீர் குடிக்கும் உடலிலோ பழைய கொழுப்பு இருக்கிறது. அது ஓவன் குவியலுக்கு வரக் கூடாது.

ஈயம் பற்றி ஒரு வரி அல்ல, இரண்டு வரி. 1400 டிகிரிக் கிளேஸ் ஃபெல்ட்ஸ்பாரால் ஆனது, அதில் ஈயத்துக்கு வேலை இல்லை. வெறும் வெள்ளைத் தீப்பீங்கானில் சமைக்கலாம். கிளேஸுக்கு மேலே தாழ்ந்த சூட்டில் ஏற்றிய பூக்களும் கோடுகளும் வேறு விஷயம்: விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் மேடாகத் தெரியும், நகத்தில் தட்டுப்படும். உட்புறத்தில் அப்படி வண்ணம் இருந்தால் புளிப்பான உணவை வைக்காதீர்கள். இதே சந்தைகளில் வாங்கும் தென் பிரான்சின் வல்லோரி ஊரில் செய்த பழைய மண்சட்டிகளில் ஈயக் கிளேஸ் இருந்தது, அவற்றை அலமாரிக்கே அனுப்புங்கள்.

சூடேற்றுதல்

கடினப் பீங்கான் ஒரு டிகிரிக்கு நீளத்தில் பத்து லட்சத்தில் 4 முதல் 5 பங்கு விரியும். சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய 9 பங்கு. அந்தப் பாதி வித்தியாசம்தான் தீப்பீங்கானின் பலம். அதன் பலவீனம், சூட்டை மெதுவாகக் கடத்துவது. ஒரு பக்கம் சுட்டு மறுபக்கம் குளிர்ந்திருந்தால் குளிர்ந்த பக்கம் இழுபடும், பீங்கானுக்கு அழுத்தம் தாங்கும் வலு உண்டு, இழுவை தாங்கும் வலு குறைவு. இதனால்தான் திடீரெனச் சூடேற்றுவதைவிடத் திடீரெனக் குளிர்விப்பது மோசமானது: குளிரும்போது மேற்பரப்பு முழுவதும் இழுபடுகிறது, நுண்கீறல்கள் எல்லாம் இருப்பதும் அங்கேதான். ஓவனிலிருந்து எடுத்ததை கிரானைட் மேடையில் வைத்து உடைந்தவை, அடுப்பில் உடைந்தவற்றைவிட அதிகம் இருக்கும். உலர்ந்த மரப்பலகை அல்லது மடித்த துணி, வேறெதுவும் வேண்டாம்.

அடுப்பின் மேல் வைக்கலாம் என்று இந்தப் பாத்திரங்கள் விற்கப்பட்ட காலத்தில் பிரெஞ்சு வீட்டு அடுப்பு என்பது நிலக்கரி போட்ட வார்ப்பிரும்பு அடுப்பு. மேல்தளம் முழுவதும் ஒரே இரும்புப் பலகை; ஓரத்தில் இளஞ்சூடு, நடுவில் கொதி சூடு, பாத்திரத்தை நகர்த்தி நகர்த்திச் சூட்டைப் பழக்கினார்கள். இன்றைய கேஸ் பர்னர் நெருப்பை ஒரு வளையமாக நேரே அடிக்கிறது. அந்த வளையம் பட்ட இடத்துக்கும் தட்டின் ஓரத்துக்கும் இடையே விழும் சூட்டு வித்தியாசத்துக்கு இவை செய்யப்படவில்லை. கேஸில் வைத்தே ஆக வேண்டும் என்றால் கனமான வார்ப்பிரும்புத் தோசைக்கல்லைக் கீழே வையுங்கள். கல்லும் தட்டும் சேர்ந்தே குளிர்ந்த நிலையிலிருந்து சூடேற வேண்டும். முதலில் அடி சமமாக நிற்கிறதா என்று கண்ணாடித் துண்டின்மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் இரும்பை ஒரே புள்ளியில் தொடும், அந்தப் புள்ளி மட்டும் சுடும். ஆடும் தட்டு ஓவனுக்கு மட்டும்.

ஓவன் குவியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் முதல் ஏற்றம் இப்படி: முழுக்க உலர்ந்த வெறும் பாத்திரம், குளிர்ந்த ஓவன், கம்பித்தட்டின் நடுவில். 100 டிகிரியில் 30 நிமிடம், 150இல் 30 நிமிடம், 180இல் 30 நிமிடம். அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் கை சுடாத அளவு ஆறவிடுங்கள். ஓசையும் ஸ்பிரிட்டும் மறுபடி. இரண்டிலும் தேறினால்தான் சமையல். நுண்விரிசல் நீண்டிருந்தால் முன்பு பென்சிலில் குறித்த முனையைத் தாண்டியிருக்கும், அதில் ஐயத்துக்கு இடமே இருக்காது.

பிறகு கடைப்பிடிக்க வேண்டியவை எளியவை. ஃப்ரிட்ஜிலிருந்து நேராக ஓவனுக்கு வேண்டாம். ஒரு மணி நேரம் வெளியே இருக்கட்டும். மேலிருந்து மட்டும் சுடும் கிரில்லில் விளிம்பு தனியாகக் காயும், எனவே நெருப்புக்கும் விளிம்புக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தெரீனை நீர்த்தட்டில் வைத்துச் சமைக்கும்போது குளிர்ந்த தெரீனைச் சுற்றிக் கொதிநீரை ஊற்றாதீர்கள். வெதுவெதுப்பான நீர் ஊற்றி ஓவனே சூடாக்கட்டும். நடுவில் நீர் குறைந்தால் சுடுநீர், ஒருபோதும் பச்சைத்தண்ணீர் அல்ல. தங்கக் கோடு இருந்தால் மைக்ரோவேவ் கிடையாது.

முதல் சமையலுக்கு முட்டைத் தட்டே சரி. தட்டையும் தோசைக்கல்லையும் சிறு தீயில் ஒன்றாகச் சூடாக்கி, 10 கிராம் வெண்ணெய் போடுங்கள். வெண்ணெய் நுரைத்து அடங்கத் தொடங்கும்போது, அறைச்சூட்டில் இருக்கும் இரண்டு முட்டையை வேறொரு கிண்ணத்தில் உடைத்து மெல்லச் சரித்து விடுங்கள். வெள்ளைக்கரு ஓரத்திலிருந்து உள்நோக்கி இறுகும். நடுவில் இன்னும் கண்ணாடிபோல் ஒரு வளையம் மிச்சம் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். பீங்கான் தேக்கி வைத்த சூடு மீதியை முடித்துவிடும். இதற்காகவே செய்த தட்டு இது, வேறு எந்தப் பாத்திரத்திலும் வெள்ளைக்கரு இவ்வளவு மிருதுவாக வராது.

பழுதுபார்ப்பில் எது செய்யலாம்

விளிம்பில் சின்னச் சில்லு பெயர்ந்த பாத்திரத்தை, ஓசை நன்றாக இருந்தால், சமையலுக்கே காப்பாற்றலாம். 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, கூர்மையை மட்டும் உருட்டி, 800இல் முடித்து, 1200இல் வழவழப்பாக்குங்கள். எப்போதும் ஈரமாகவே தேய்க்க வேண்டும். காய்ந்த பீங்கான் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். அந்த இடம் மங்கலாக இருக்கும், ஆனால் உடலே இறுகிய பீங்கான் என்பதால் நீர் குடிக்காது. சில்லிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தால் தேய்ப்பதில் பயனில்லை.

ஒட்டியது எதுவும் சமையலுக்குத் திரும்பாது. நல்ல எபாக்சியும் ஓவன் சூட்டுக்கு வெகு முன்பே இளகிவிடும், உணவோடு படவும் கூடாது. அலமாரிக்கான மூடிக்குமிழை அசிட்டோனில் கரைத்த பாராலாய்ட் பி-72 எனும் அக்ரிலிக் பிசின் கொண்டு ஒட்டுங்கள். அசிட்டோன் தொட்டால் எப்போதும் பிரிக்கலாம். கோடு தெரியாத இணைப்பு வேண்டுமென்றால் ஹெக்ஸ்டல் எனும் நிறமற்ற எபாக்சி, அது இறுக ஒரு வாரம் ஆகும், அதுவரை டேப்பால் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். இரண்டுக்கும் முன்பு உடைந்த முகங்களைப் பெராக்சைடாலும் பின் அசிட்டோனாலும் சுத்தம் செய்யாவிட்டால் பழைய அழுக்கே கோடாக நின்றுவிடும்.

அடியில் வரிசையாக உலோகக் கொக்கிகள் மாட்டியிருந்தால், தெருத்தெருவாக வந்து பீங்கான் தைத்துக் கொடுத்த தொழிலாளிகளின் வேலை அது. துளையிட்டுக் கம்பியை வளைத்து மாட்டியிருப்பார்கள். கழற்றாதீர்கள். அந்தக் கைவேலைக்கே தனி மதிப்பு உண்டு. இரும்புக் கம்பியாக இருந்தால் தண்ணீர் படாமல் வையுங்கள்.

மறுபடி கிளேஸ் பூசிச் சூளையில் வைத்து எடுக்கலாமே என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். பழைய பாத்திரத்தில் ஏறிய ஈரமும் கொழுப்பும் கிளேஸைக் கொப்புளமாக்கும், விரிசல் திறந்துகொள்ளும், அடி கறுக்கும்.

மூடி, அடுக்குதல்

கடினப் பீங்கான் சூளையில் பத்து சதவீதத்துக்கு மேல் சுருங்கும், ஒரே அச்சில் வந்தவையும் ஒரே அளவாக வருவதில்லை. அதனால் மூடியும் உடலும் சேர்ந்தே வாழ்ந்தவையா என்பதை ஆட்டிப் பார்த்துச் சொல்லலாம்: சுற்றிலும் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் சம இடைவெளி இருக்க வேண்டும், கிளேஸின் வெண்மையும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று நீலம் கலந்த வெள்ளை, மற்றது பாலாடை வெள்ளை என்றால் ஜோடி மாறிவிட்டது. பயன்பாட்டுக்குத் தடை இல்லை, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

அடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஃபெல்ட் துணியோ நாலாக மடித்த பேப்பரோ வையுங்கள். மேல்தட்டின் பூசாத அடிவளையம் கீழ்த்தட்டின் கிளேஸை அரம்போல் தேய்க்கும். மூடியைக் கவிழ்த்து, குமிழ் உள்ளே தொங்க வைத்தால் இடம் மிச்சம், குமிழும் தப்பும். எந்தக் குவியல், எந்தச் சூடு வரை சோதித்தது என்பதைப் பூசாத அடிவளையத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். அடுத்தவர் கைக்குப் போகும்போது அந்த எழுத்து அவருக்கு உதவும்.